டாக்டரிடம் நான் சொன்ன பொய்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், வேதிப் பொறியியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, உனக்கு இருபது நிமிஷம். வேலை வாய்ப்பு, தொழில் முன்னேற்றம்னு பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசு" என்றார். சரி என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். நான் வேலை பார்ப்பது மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில். அதைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள், மீதிப் பேர் மெஸ் பக்கம் போய்விடுவீர்கள். அதைவிட, பத்து வருஷமாக நெஞ்சில் கிடக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல இந்த இடம்தான் சரி. ஏனென்றால் அதில் சம்பந்தப்பட்ட எல்லோருமே இந்தக் கல்லூரியில் படித்தவர்கள்.

தலைப்பை மாற்றுகிறேன் என்றதும் அண்ணன் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "போதை ஒழிப்பா? அதுக்குத்தான் வருஷா வருஷம் போலீஸ் அதிகாரி ஒருத்தர் வந்து பேசறாரே" என்றார். ஒழிப்பு இல்லை அண்ணா, ஒருத்தன் எதையோ சாப்பிட்டுவிட்டு விழுந்துவிட்டான், அடுத்த ஒரு மணி நேரம் கூட இருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி என்றேன். அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டார். அண்ணனுக்கு நன்றி.

பெங்களூருக்கு வெளியே ஒரு வாடகைப் பண்ணை வீடு. டிசம்பர் மாதம். எங்கள் செட்டில் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பதினோரு பேர் கூடியிருந்தோம். இரவு பத்து மணி சுமாருக்கு யாரோ ஒருவன் சின்ன பிளாஸ்டிக் பையில் மாத்திரைகள் கொண்டுவந்தான். இளஞ்சிவப்பு நிறம், மேலே ஒரு முத்திரை. "எக்ஸ்டஸிடா, ஒண்ணும் ஆகாது, டான்ஸ் ஆடத் தோணும், அவ்வளவுதான்" என்றான். நாலைந்து பேர் வாங்கிப் போட்டார்கள். நான் போடவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, அன்று ராத்திரி கார் ஓட்டுவது என் முறை, அவ்வளவுதான்.

என் அறைத் தோழன் ஒருவன், விடுதியில் நான்கு வருஷமும் என்னோடு இருந்தவன், ஒன்று போட்டான். முக்கால் மணி நேரமாக ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்றும் போட்டான். அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆள் மாறிப்போய்விட்டான். பல்லை நறநறவென்று கடிக்கிறான், ஓரிடத்தில் நிற்காமல் சுற்றுகிறான், சம்பந்தம் இல்லாமல் பேசுகிறான், கால்கள் தானாக உதறுகின்றன. நெற்றியில் கை வைத்தேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

பொறியியல் படித்த பத்துப் பேர் அப்போது என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். உடம்பு நடுங்குகிறதே என்று கம்பளி போர்த்தினோம். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்தோம். முரண்டு பிடிக்கிறான் என்று நாலு பேர் சேர்ந்து கட்டிலோடு அழுத்திப் பிடித்தோம். உள்ளே போனதைக் கரைக்கிறோம் என்று பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரை வாயில் ஊற்றினோம். அறைக் கதவைச் சாத்தினோம், சத்தம் வெளியே கேட்கக் கூடாது அல்லவா! ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, போனால் போலீஸ் வருமா, கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகுமா, விசா கிடைக்குமா, வீட்டில் என்ன சொல்வார்கள் என்று விவாதித்தோம். நாற்பது நிமிடம் விவாதித்தோம். பிறகு அவனுக்கு வலிப்பு வந்தது. அதற்கப்புறம்தான் காரை எடுத்தேன்.

நாங்கள் செய்தது ஒவ்வொன்றும் தப்பு என்பது அப்போது தெரியாது. ஆனால் எங்கள் பேராசிரியர் மூன்றாம் ஆண்டிலேயே இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். அவர் இந்த அரங்கில் இருக்கிறார். ரியாக்டர் பாடத்தில் 'ரன்அவே' என்று ஒன்று நடத்துவாரே, நினைவிருக்கிறதா? வெப்பம் உமிழும் வினை நடக்கும் ஒரு கலத்தில், வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகம் மடங்கு மடங்காக ஏறும். சுற்றியுள்ள ஜாக்கெட்டில் ஓடும் தண்ணீர் எடுத்துச் செல்கிற வெப்பமோ நேர்கோட்டில்தான் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டு கோடுகளும் சந்திக்கவே சந்திக்காது. அப்புறம் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. போர்டில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, "இங்க வந்த பிறகு யோசிக்கிறவன் இன்ஜினீயர் இல்லை, சாட்சி" என்பார் சார்.

மனித உடம்பிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. எம்.டி.எம்.ஏ. என்கிற எக்ஸ்டஸி, அதன் உறவுக்காரப் பொருள்கள், மெஃபெட்ரோன் வகையறா எல்லாம் மூளையில் செரடோனின் முதலிய ரசாயனங்களைக் கொட்டித் தீர்க்கின்றன. தசைகள் ஓயாமல் இறுகி வெப்பத்தை உண்டாக்குகின்றன. அதே நேரத்தில் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லை. அதாவது ஹீட்டரும் ஓடுகிறது, ஜாக்கெட் வால்வும் மூடிவிட்டது. இது கிருமியால் வருகிற காய்ச்சல் இல்லை. மூளை தானே வெப்ப அளவை உயர்த்தி வைத்தால் அதைக் குறைக்கத்தான் பாரசிட்டமால். இங்கே அதற்கு வேலையே கிடையாது. கம்பளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் அமுக்கிப் பிடித்தோமே, அதை எதிர்த்து அவன் திமிறத் திமிற, தசைகள் இன்னும் வெப்பத்தை உண்டாக்கின. நாங்கள்தான் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆஸ்பத்திரி கேசுவாலிட்டியில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். "பீர், டாக்டர். நிறைய பீர். அப்புறம் ஹோட்டல் சாப்பாடு. ஃபுட் பாய்சன் போலிருக்கு" என்றேன். யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். அதை அவ்வளவு சரளமாகச் சொன்னேன் என்பதில் இன்றும் எனக்கு வெட்கம்.

அந்தப் பொய்யின் விலை என்ன என்று பிறகுதான் புரிந்தது. இந்த மாதிரி நிலையில் முதலில் போட வேண்டியது டயசிபாம், லோரசிபாம், மிடசோலம் வகை ஊசி. அது வலிப்பை நிறுத்தும், பதற்றத்தை அடக்கும், தசைகளைத் தளர்த்தும். வெப்பத்தின் ஊற்றுக்கண்ணையே அடைக்கிற மருந்து அதுதான். ஆனால் வயிறு நிறையக் குடித்தவனுக்கு அதைத் தாராளமாகக் கொடுத்தால் மூச்சு அடங்கிவிடக் கூடும். எனவே டாக்டர் தயங்கி, அளவைக் குறைத்துப் போட்டார். என் வாயில் இருந்து வந்த 'நிறைய பீர்' அவர் கையைக் கட்டிப்போட்டது. உண்மையில் அவன் அன்று ஒரு டம்ளர்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஒரு சிஸ்டர். கேரளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். உடம்பின் சூட்டை எடுத்துப் பார்த்தார், 106.8 டிகிரி. நேராக என்னிடம் வந்தார். "தம்பி, இங்க பாரு. நான் போலீஸ் இல்லை. பீர் குடிச்சவன் உடம்பு இப்படிக் கொதிக்காது. யார் வாங்கினது, யார் குடுத்ததுன்னு எனக்கு வேண்டாம். என்ன, எத்தனை, எத்தனை மணிக்கு, வேற என்ன மாத்திரை சாப்பிடறான், இந்த நாலு மட்டும் சொல்லு." நான் அழுதுவிட்டேன். நாலையும் சொன்னேன். நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் ஞாபகம் வந்தது, முதுகுவலிக்கு அவன் ஒரு வாரமாக டிரமடால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதுவும் செரடோனினை ஏற்றுகிற மருந்து, வலிப்பையும் வரவழைக்கக் கூடியது. இரண்டும் சேர்ந்துவிட்டன.

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததை ஒரு பிளான்ட் ஷட்டவுன் மாதிரி நினைவில் வைத்திருக்கிறேன். ஊசி முழு அளவில் ஏறியது. சட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். எங்கிருந்தோ ஐஸ் மூட்டைகள் வந்தன. ஈரத் துணி, மின்விசிறி, தண்ணீர் தெளிப்பு, கக்கத்திலும் தொடை இடுக்கிலும் கழுத்திலும் ஐஸ். அரை மணி நேரத்துக்குள் 102-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். போதவில்லை. கடைசியில் தசைகளை முழுக்கச் செயலிழக்க வைக்கும் மருந்தைக் கொடுத்து, குழாய் போட்டு, வென்டிலேட்டரில் வைத்தார்கள். தசை அசையாவிட்டால் வெப்பம் உண்டாக வழியில்லை அல்லவா? ரியாக்டரில் இன்ஹிபிட்டர் கொட்டி வினையையே நிறுத்துவோமே, அது மாதிரி.

உயிர் பிழைத்தான். ஆனால் வெந்துபோன தசைகள் உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. மூத்திரப் பை முழுக்கக் கறுப்புத் தேநீர் நிறம். ஆறு முறை டயாலிசிஸ். கல்யாண மாப்பிள்ளை ஐ.சி.யூ. வாசலில் பத்திரிகைக் கட்டோடு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நாற்பது நிமிடத்தில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்காது என்று டாக்டர் பின்னால் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தண்ணீர் ஊற்றிய கதையையும் முடித்துவிடுகிறேன். எம்.டி.எம்.ஏ. உடம்பைத் தண்ணீரை வெளியேற்ற விடாமல் தடுக்கும் ஒரு ஹார்மோனைத் தூண்டிவிடும். அதன் மேல் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கும். 1995-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், தன் பதினெட்டாவது பிறந்த நாள் விருந்தில் ஒரு மாத்திரை போட்ட பெண், ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்து, சில நாளில் இறந்துபோனாள். நாடே அதிர்ந்த சம்பவம் அது. தண்ணீர் குடித்தால் தப்பிக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு பரவிய ஆலோசனைதான் அவளைக் கொன்றது. தாகத்துக்குக் கொஞ்சம் கொடுக்கலாம். நாங்கள் ஊற்றியது போல ஊற்றக் கூடாது.

அந்த மாத்திரையில் உண்மையில் என்ன இருந்தது என்று எங்களுக்குக் கடைசி வரை தெரியாது. முக்கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டாவது போட்டானே, பி.எம்.ஏ. என்ற இன்னொரு பொருளின் குணம் அது. அதை எக்ஸ்டஸி என்று சொல்லி விற்பார்கள். மெதுவாக வேலை தொடங்கும், 'சரக்கு மட்டம்' என்று நினைத்து இன்னொன்று போடுவார்கள், இரண்டும் சேர்ந்து ஏறும். எங்கள் மாத்திரை அதுவாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியில் மூத்திரத்தைச் சோதிக்கும் சாதாரணப் பட்டைகள் பழைய, பேர் தெரிந்த போதைகளுக்காகச் செய்தவை. புதிய ரசாயனங்கள் பல அதில் சிக்குவதே இல்லை. சோதனை 'நெகட்டிவ்' என்று வந்தால் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அர்த்தம் இல்லை.

இந்த ரசாயனங்கள் ஏன் இப்படிப் புதிது புதிதாக வருகின்றன என்றால், சட்டத்தின் ஓட்டைக்காகவே வடிவமைக்கப்பட்டவை அவை. 'டிசைனர் டிரக்' என்ற பேரையே கலிபோர்னியாவில் கேரி ஹெண்டர்சன் என்ற மருந்தியல் அறிஞர் 1980-களில் அதற்காகத்தான் வைத்தார். சட்டம் ஒவ்வொரு பொருளாகப் பேர் சொல்லித் தடை செய்யும், வேதியியல் தெரிந்தவன் மூலக்கூறில் ஒரு கார்பனை ஒட்டுவான், பேர் மாறிவிடும். 1979-இல் கலிபோர்னியாவில் 'சைனா ஒயிட்' என்று ஹெராயின் போலவே விற்று ஆட்களைக் கொன்ற பொருள், ஃபெண்டனில் என்ற மயக்க மருந்தோடு ஒரு மீதைல் தொகுதியைச் சேர்த்தது, அவ்வளவே. நம் நாட்டில் மெஃபெட்ரோன் போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் ஏறியது 2015-இல்தான்.

வேதிப் பொறியியல் மாணவர்கள் கேட்க வேண்டிய ஒரு கதை உண்டு. 1982-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே பகுதியில் சில இளைஞர்கள் திடீரென்று சிலை மாதிரி உறைந்துபோனார்கள். பேச முடியவில்லை, கண்ணிமைக்க முடியவில்லை. முதலாமவர் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்டவர், மனநோய் என்று நினைத்தார்கள், நடிக்கிறான் என்றும் சந்தேகப்பட்டார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் டாக்டர் அவருடைய விரல்கள் மட்டும் லேசாக அசைவதைக் கவனித்துப் பென்சிலைக் கொடுத்தார். மெல்ல மெல்ல எழுதினார் அந்த மனிதர். உள்ளே மூளை முழு விழிப்போடு இருந்தது! எல்லோரும் ஹெராயின் என்று நம்பிப் போட்டது யாரோ ஒருவர் கள்ளத்தனமாகத் தயாரித்த வேறு சரக்கு. தயாரிப்பில் வெப்பமும் அமிலத்தன்மையும் எல்லை மீறியதால் எம்.பி.டி.பி. என்ற துணைப்பொருள் உண்டாகிவிட்டது. பார்க்கின்சன் நோயில் பல வருஷத்தில் அழிகிற அதே நரம்பணுக்களை அது சில நாளில் அழித்தது. பார்க்கின்சன் மருந்தான எல்-டோபா கொடுத்ததும் அசைந்தார்கள், ஆனால் நோய் போகவில்லை. நம்முடைய தொழிலில் வெப்பக் கட்டுப்பாடு தவறினால் ஒரு பேட்ச் வீணாகும், மேலதிகாரி திட்டுவார். அங்கே அதே தவறு மனிதர்களின் மூளையில் போய் முடிந்தது. தரச் சோதனை என்ற ஒரு துறையே இல்லாத தொழிற்சாலை அது, நினைத்துப் பாருங்கள். 2024 அக்டோபரில் போபால் அருகே ஒரு தொழிற்கூடத்தில் 900 கிலோவுக்கு மேல் மெஃபெட்ரோன் பிடித்தார்கள் என்று செய்தி வந்தபோது, எனக்கு முதலில் தோன்றியது இந்தக் கதைதான்.

சரி, என்ன பொருள் என்றே தெரியாதபோது டாக்டர் எதைப் பார்த்து வைத்தியம் செய்வார்? உடம்பைப் பார்த்துத்தான். சூடு, மூச்சு, நாடி, கண்ணின் பாப்பா, தோல் ஈரமா, தசை விறைப்பா, இவற்றைச் சேர்த்து ஒரு படம் கிடைக்கும். என் நண்பன் ஒரு பக்கத்து ஓரம், எல்லாமே எகிறிப் போனது. அதற்கு நேர் எதிர் ஓரம் ஃபெண்டனில் வகை. பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், உதடு நீலம் பாயும், மூச்சு நிமிடத்துக்கு நாலு, மூன்று என்று இறங்கி நின்றுவிடும். அங்கே கூச்சல் இல்லை, போராட்டம் இல்லை. குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று நினைத்து நண்பர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். நான் மிகவும் பயப்படுவது அந்தக் குறட்டைக்குத்தான்.

அதற்கு நலாக்ஸோன் என்று மாற்று மருந்து உண்டு. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் அதை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக, டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்க அனுமதித்தார்கள். ஆனால் அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். விழுங்கிய சரக்கு அதைவிட நீண்ட நேரம் நின்றால், எழுந்து உட்கார்ந்து பேசியவன் மறுபடி சாய்வான். 'தெளிஞ்சிட்டான், கிளம்பலாம்' என்று யாரும் ஆஸ்பத்திரியிலிருந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிவரக் கூடாது. மருந்து கையில் இல்லாவிட்டாலும் மூச்சைக் கொடுத்தால் உயிர் நிற்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் நாக்கு பின்னால் விழுந்து அடைக்காது, வாந்தி நுரையீரலுக்குள் போகாது.

ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். 2002 அக்டோபரில் மாஸ்கோவில் ஒரு நாடக அரங்கில் எண்ணூறு பேருக்கு மேல் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். அவர்கள் யாரும் போதை சாப்பிட்டவர்கள் இல்லை. மீட்புப் படை உள்ளே நுழையும் முன் காற்றுக் குழாய் வழியாக ஒரு வாயுவைச் செலுத்தியது. அது ஃபெண்டனில் குடும்பத்து மருந்து. மயங்கியவர்களைத் தூக்கி வந்து மல்லாக்கப் போட்டார்கள், பஸ்களில் அடுக்கினார்கள். எந்த மருந்து என்று டாக்டர்களிடம் சொல்லவில்லை. அமைச்சர் வாய் திறந்து பேர் சொன்னது நாலு நாள் கழித்து. சுமார் 130 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது துப்பாக்கி இல்லை, அந்த வாயுதான். உயிர் பிழைத்தவர்களின் துணியையும் மூத்திரத்தையும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, கார்ஃபெண்டனில், ரெமிஃபெண்டனில் என்று 2012-இல் எழுதினார்கள். ஒரு அரசாங்கமே டாக்டரிடம் உண்மையை மறைத்த கதை இது. படித்தபோது என் 'நிறைய பீர்' ஞாபகத்துக்கு வந்தது.

இந்த இரண்டு ஓரங்களுக்கும் இடையில் எதிலும் அடங்காத ரகங்களும் உண்டு. செயற்கைக் கஞ்சா என்று இலையில் ரசாயனத்தைத் தெளித்து விற்கிறார்களே, 2018-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அதைப் புகைத்தவர்கள் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் ஒழுக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 150 பேருக்கு மேல். எலி மருந்து கலந்திருந்தது. வைட்டமின் கே மாத்திரையை மாதக் கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. ஒருவன் 'பல் தேய்க்கும்போது ரத்தம்' என்று மட்டும் சொல்லி, புகைத்ததை மறைத்திருந்தால் எந்த டாக்டரால் கண்டுபிடிக்க முடியும்?

போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன், தம்பிகள் முகத்தில் அந்தக் கேள்விதான் தெரிகிறது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. 1985-ஆம் வருஷச் சட்டப்படி போதைப் பொருளை உட்கொள்வதும் குற்றம்தான். ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. போடுவார்கள். எங்களுக்கும் போட்டார்கள். மறுநாள் ஒரு ஹெட் கான்ஸ்டபிள் வந்து வாக்குமூலம் வாங்கினார், சில மாதம் அலைந்தோம், வக்கீலுக்குப் பணம் போனது, வீட்டில் என் அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் மறுபடி பொய் சொன்னவனாவேன். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். அது எல்லோரையும் காக்கிற குடை இல்லை. அமெரிக்காவில் 2007-இல் நியூ மெக்சிகோ மாநிலம் ஆரம்பித்து வைத்தது போல, ஆபத்தில் இருப்பவனுக்காகப் போன் செய்தவனையே காக்கும் சட்டம் இங்கேயும் வர வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. வக்கீல்களாகிவிட்ட முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் முன் வரிசையில் இருக்கிறீர்கள், யோசியுங்கள்.

டாக்டருக்கு இதில் குழப்பமே கிடையாது. 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், போலீஸ் சடங்குகளுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. 'எங்களுக்கு வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று யாராவது வாசலில் தடுத்தால் இந்த வழக்கின் பேரைச் சொல்லுங்கள்.

விடுதி மாணவர்களிடம் ஒரு வார்த்தை. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டனை எழுப்புவதா, 108-ஐ அழைப்பதா என்று கூட்டம் போடாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு வார்டனை எழுப்புங்கள். உடம்பு கொதித்தால் சட்டையைக் கழற்றி, தண்ணீரைத் தெளித்து, காற்றாடியின் கீழ் கிடத்துங்கள். ஜன்னலைத் திறங்கள், கூட்டத்தை விரட்டுங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள், மெல்லப் பேசுங்கள். தூங்குகிறான் என்றால் தட்டி எழுப்புங்கள். எழாவிட்டால் ஒருக்களித்துத் திருப்பி, பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், கூச்சப்படாதீர்கள். மீதி மாத்திரையோ காலிப் பையோ கிடந்தால் தூக்கி எறியாதீர்கள், டாக்டர் கையில் கொடுங்கள். நாங்கள் முதல் காரியமாக அதைத்தான் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம்! அந்த சிஸ்டர் கேட்ட நாலு கேள்விக்கும் பதிலை வண்டியில் போகும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் வாய் பொய் சொல்லும், எழுதிய காகிதம் சொல்லாது.

வார்டன் சாரிடமும் ஒரு விண்ணப்பம். போன் செய்தவன் யார் என்று மறுநாள் காலை விசாரணை வைக்காதீர்கள். ஒரு தடவை வைத்தால் போதும், அடுத்த முறை யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள்.

நண்பனின் பேரை நான் சொல்லவில்லை. தாராளமாகச் சொல் என்றுதான் அவன் சொன்னான், நான்தான் வேண்டாம் என்று விட்டேன். இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள், சின்னவள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள். வலி மாத்திரை எதையும் தொடக் கூடாது என்று சிறுநீரக டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்றும் முதுகு வலித்தால் தைலம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சோதனை செய்வான். முடிவு வந்ததும் கிரியேட்டினின் எண்ணை மட்டும் எனக்குச் செய்தியாக அனுப்புவான், வேறு ஒரு வார்த்தை எழுத மாட்டான். போன மாதம் 1.3 என்று வந்தது.

இருபது நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, செயலாளர் அண்ணன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார். மெஸ்ஸில் இலை போட்டாயிற்றாம்.